ஆட்சி மாறும், அணி மாறும். அந்தக் கோப்பு மட்டும் மாறாது

பாகலூரிலிருந்து மாலூர் சாலையில் சில கிலோமீட்டர் போனால் கர்நாடகம் வந்துவிடும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும். ஓசூர் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குவதால் பேச்சுகூட அவ்வளவாக மாறாது. சாதியும் மாறாது. இந்தப் பக்கம் பறையர், அருந்ததியர் என்று அழைக்கப்படுகிறவர்களும், அந்தப் பக்கம் ஹொலையர், மாதிகர் என்று அழைக்கப்படுகிறவர்களும் ஒரே இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள்: ஊருக்கு வெளியே, சேரியில்.

ஆனால் ஒன்று மட்டும் அந்த எல்லையில் நின்றுவிடும். அரசியலமைப்பின் 341ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநில வாரியானது. பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் குடியேறியவர், பிறந்த மாநிலத்துச் சான்றிதழைக் காட்டி அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு சொல்லிவிட்டது. எல்லை தாண்டும்போது சாதி கூடவே வரும். சாதிக்கு எதிரான உரிமை மட்டும் சோதனைச்சாவடியிலேயே இறக்கிவிடப்படும்.

மாநில எல்லையில் நடக்கும் இதே கூத்துதான் நாட்டின் எல்லையிலும் நடக்கிறது. பாகலூர், பேரிகை, தளி பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜா, காதலர் தினத்துக்கு விமானம் ஏறி வெளிநாடு போகிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் செய்யப்படும் வண்டியும் உதிரி பாகமும் கடல் கடந்து போகின்றன. பொருள் போகலாம். அந்த மண்ணில் வேலை செய்கிறவரின் சாதிப் புகார் மட்டும் போகக் கூடாது. போனால் அதைத் தடுத்து நிறுத்த ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் ஆள் வைத்திருக்கிறது ஒன்றிய அரசு. அவர்களுக்குப் பெயர் தூதர்கள்.

இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை காலத்துக்கேற்ப மாறுகிறது, அதை மாற்றி வடிவமைப்பவர்கள் ஐ.எப்.எஸ். அதிகாரிகள் என்று பெரிய பெரிய நூல்கள் எழுதப்படுகின்றன. எழுதுவோரில் பலர் ஓய்வு பெற்ற தூதர்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த உங்களுக்கு, சாதி பற்றிய நிலைப்பாட்டை மட்டும் ஏன் மாற்றத் தெரியவில்லை?

மாறியவை எத்தனை!

மாறியவற்றைக் கொஞ்சம் அடுக்கிப் பார்ப்போம். எந்த வல்லரசின் அணியிலும் சேர மாட்டோம் என்ற நாடு, 1971 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டது. அதே நாடு 2008இல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் போட்டது. 1975இல் ஐ.நா. பொதுச்சபையில் ‘சியோனிசம் ஒரு வகை இனவாதம்’ என்ற தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கியது இந்தியா. 1991 டிசம்பரில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யவும் கை தூக்கியது. அடுத்த மாதமே இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு ஏற்பட்டது.

இந்த மாற்றங்கள் சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 1975இல் ஒரு நாட்டின் அரசியல் சித்தாந்தத்தையே ‘இனவாதம்’ என்று சொல்ல நம் தூதர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ‘இனம் என்பதன் அறிவியல் வரையறை என்ன?’ என்று அன்று யாரும் அகராதியைப் புரட்டவில்லை. அந்த அகராதி நம் முறை வந்தபோதுதான் வெளியே எடுக்கப்பட்டது.

‘உள்நாட்டு விவகாரம்’ என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். 1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் விதம் பற்றி ஐ.நா.வில் இந்தியா புகார் எழுப்பியது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு வாதாடியது. ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம், தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரம் இல்லை’ என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். மனித மாண்பு மிதிக்கப்படும் இடத்தில் உள்நாடு, வெளிநாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற பக்கத்தில் நின்றது இந்தியா. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் தீர்மானம் வென்றது. 1971இல் கிழக்கு வங்கத்தில் நடப்பது தன் உள்நாட்டு விவகாரம் என்று பாகிஸ்தான் சொன்னபோதும் இந்தியா ஏற்கவில்லை. சரியாகவே செய்தது.

ஆனால் 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் பிணம் அழுகும் வாடை அடங்குவதற்குள், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற கோட்பாட்டை வலியுறுத்திய தீர்மானம் அது. 2012, 2013இல் தமிழ்நாட்டின் கொதிப்பைக் கண்டு இலங்கைக்கு எதிராக வாக்களித்தார்கள். 2014இல் ஒதுங்கி நின்றார்கள். ஆக, ‘உள்நாட்டு விவகாரம்’ அவர்களுக்குக் கோட்பாடாக இருந்ததே இல்லை. தேவைப்பட்டால் போர்த்திக்கொள்ளவும், தேவையில்லையென்றால் உதறிவிடவும் உதவும் சால்வை அது.

சாதி என்று வரும்போது மட்டும் அந்தச் சால்வை தோளைவிட்டு இறங்குவதே இல்லை.

இந்தியாவே கொடுத்த சொல்

ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை 1965 டிசம்பரில் நிறைவேறியது. இனப் பாகுபாடு என்றால் என்ன என்று அதன் முதல் பிரிவு ஐந்து அடிப்படைகளைச் சொல்கிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசியத் தோற்றம், இனக்குழுத் தோற்றம். இதில் ‘வம்சாவளி’ என்ற சொல் முதல் வரைவில் இல்லை. திருத்தம் கொண்டுவந்து அதைச் சேர்த்த நாடு இந்தியா. பின்தங்கிய பிரிவினருக்கான சிறப்பு நடவடிக்கைகள் பாகுபாடாகக் கருதப்படாது என்ற பகுதி விவாதிக்கப்பட்டபோது, பட்டியல் சாதியினருக்கான இந்திய ஏற்பாடுகளைச் சுட்டிப் பேசியதும் இந்தியத் தரப்புதான். 1968 டிசம்பரில் இந்தியா அதற்கு ஏற்புறுதி அளித்தது.

பிறப்பின் வழியே ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று வைக்கப்படுவதற்கு ‘வம்சாவளி’யைவிடப் பொருத்தமான சொல் எது? யார் வயிற்றில் பிறந்தாய் என்ற கேள்வியைத் தவிர சாதிக்கு வேறு ஆதாரம் ஏது?

1996 ஆகஸ்டில், உடன்படிக்கையை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் குழுவின் முன் இந்தியாவின் அறிக்கை வந்தது. வம்சாவளி என்பது இனத்தைத்தான் குறிக்கும், சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றது அது. தானே செருகிய சொல்லுக்குத் தானே பூட்டுப் போட்டது இந்தியா. குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. வம்சாவளி என்பது இனத்தை மட்டும் குறிக்காது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உடன்படிக்கையின் வரம்புக்குள் வருகிறார்கள் என்று எழுதியது. 2002இல் இன்னும் விரிவாக, சாதி போன்ற பிறப்புவழிப் படிநிலைகள் அனைத்தும் இதில் அடங்கும் என்று பொதுப் பரிந்துரையே வெளியிட்டது.

இடையில் 2001இல் டர்பன் வந்தது. நிறவெறி வீழ்ந்த தென்னாப்பிரிக்க மண்ணில் ஐ.நா. நடத்திய இனவாத எதிர்ப்பு உலக மாநாடு. இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் பறையோடு போனார்கள். வரைவு ஆவணத்தில், ‘தொழில், வம்சாவளி’ அடிப்படையிலான பாகுபாட்டுக்கு எதிராக நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு பத்தி இருந்தது. அதில் ‘சாதி’ என்ற சொல்கூட இல்லை. இந்தியா என்ற பெயரும் இல்லை. அந்த ஒரு பத்தியை எடுத்துவிடுவதற்காக மாதக்கணக்கில் உழைத்தார்கள் நம் தூதர்கள். வெளியுறவு இணையமைச்சர் உமர் அப்துல்லா மேடையேறி, சாதியும் இனமும் ஒன்றல்ல என்று பேசினார். இறுதி ஆவணத்தில் அந்தப் பத்தி இல்லை.

அதே டர்பனில் இந்தியாவின் இன்னொரு குரலும் ஒலித்தது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி ஜே.எஸ். வர்மா, பாகுபாட்டுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைவிட அது நடக்கிறது என்பதே முக்கியம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி உருவான ஆணையம் ஒன்று சொல்கிறது. வெளியுறவு அமைச்சகம் வேறொன்று சொல்கிறது. எது இந்தியாவின் நிலைப்பாடு? உலகத்தின் காதில் விழுந்தது தூதர் சொன்னதுதான்.

பிரதமர் பேச்சும் கோப்பின் முன் செல்லாது

2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் நடந்த தலித், சிறுபான்மையினர் பன்னாட்டு மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் பேசினார். தீண்டாமைக்கு இணையாகச் சொல்லக்கூடியது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஒன்றுதான் என்ற பொருளில் அவர் சொன்னது உலகெங்கும் செய்தியானது. நாட்டின் தலைமை நிர்வாகியே சொல்லிவிட்டார், இனி நிலைப்பாடு மாறும் என்று பலர் நம்பினார்கள்.

இரண்டே மாதம். 2007 பிப்ரவரியில் ஜெனீவாவில் அதே குழுவின் முன் இந்தியா ஆஜரானது. சொலிசிட்டர் ஜெனரலும் தூதரக அதிகாரிகளும் உட்கார்ந்து, சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்ற 1996ஆம் ஆண்டு வாதத்தையே மறுபடி வைத்தார்கள். குழு உறுப்பினர்கள் பிரதமரின் பேச்சை நினைவூட்டியும் பலனில்லை. பிரதமரின் வாய் ஒன்று சொன்னது, கோப்பு இன்னொன்று சொன்னது. வென்றது கோப்பு.

யார் யார் ஆட்சியில் இது நடந்தது என்று பாருங்கள். 1996 ஆகஸ்டில் தேவகவுடா. 2001இல் வாஜ்பாய். 2007இல் மன்மோகன் சிங். 2016 மார்ச்சில், சாதியும் அதுபோன்ற முறைகளும் உலகில் குறைந்தது 25 கோடிப் பேரை வதைக்கின்றன என்ற அறிக்கையை ஐ.நா.வின் சிறுபான்மையினர் விவகாரச் சிறப்பு அறிக்கையாளர் ரீட்டா இசாக் வைத்தபோது அதற்கும் இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. அப்போது மோடி. மதச்சார்பின்மை பேசியவர், இந்துத்துவம் பேசியவர், சமூகநீதி பேசியவர் என எல்லாரும் வந்து போய்விட்டார்கள். ஜெனீவாவில் வாசிக்கப்படும் தாள் மட்டும் அதேதான்.

இது எப்படி நடக்கிறது? அமைச்சர் ஐந்தாண்டுக்கு வருகிறார். அதிகாரி முப்பது, முப்பத்தைந்து ஆண்டு இருக்கிறார். ஐ.நா. கூட்டத்துக்கு முன் டெல்லியில் ஒரு குறிப்பு தயாராகும். சென்ற முறை என்ன சொன்னோம் என்று பழைய கோப்பைப் பார்த்து இளைய அதிகாரி எழுதுவார். மேலதிகாரி கையெழுத்திடுவார். ‘நமது நீண்டகால நிலைப்பாடு’ என்ற ஒரு தொடர் போதும், அமைச்சர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வார். மாற்றி எழுதத் துணியும் அதிகாரிதான் காரணம் சொல்ல வேண்டும். அப்படியே படியெடுப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. 2015 முதல் 2018 வரை வெளியுறவுச் செயலராக இருந்த எஸ். ஜெய்சங்கர் 2019 முதல் வெளியுறவு அமைச்சர். குறிப்பு எழுதும் மரபில் வளர்ந்தவரே இன்று அதற்கு ஒப்புதல் தரும் இடத்தில் இருக்கிறார்.

நாடாளுமன்றம் தடுக்காதா? இந்தியாவில் பன்னாட்டு உடன்படிக்கையில் கையெழுத்திடவே நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. ஐ.நா. குழுவின் முன் என்ன பேசுவது என்பதை எந்த அவை கேட்கப்போகிறது?

இவர்கள் பேசுவதோடு நிறுத்துவதில்லை. மற்றவர் பேசுவதையும் தடுக்கிறார்கள். பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு என்ற அமைப்பு, ஐ.நா.வில் கலந்துகொள்ளும் ஆலோசனைத் தகுதிக்கு 2008 வாக்கில் விண்ணப்பித்தது. அதைப் பரிசீலிக்கும் குழுவில் 19 நாடுகள். ஏதேனும் ஒரு நாடு ஒரு கேள்வி எழுப்பினாலே விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குப் போய்விடும். இந்தியா கேள்வி கேட்டது. பதில் வந்தது. மறுபடி கேட்டது. நூறுக்கும் அதிகமான கேள்விகள், பதினைந்து ஆண்டுக் காலம். கடைசியில் 2022 டிசம்பரில், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்துதான் அந்தத் தகுதி கிடைத்தது. வங்கிக் கடனுக்குப் போன தலித் இளைஞரிடம் ‘இன்னொரு தாள் கொண்டு வா’ என்று அலைக்கழிக்கும் அதே கைவரிசை. மேசைதான் பெரிது.

‘சாதி இனமல்லவே?’

இந்த இடத்தில் படித்தவர்கள் இரண்டு எதிர்வாதம் வைப்பார்கள். இரண்டையும் நேராகவே எதிர்கொள்வோம்.

முதல் வாதம்: ‘சாதியும் இனமும் வேறு என்று அம்பேத்கரே சொல்லியிருக்கிறாரே?’ ஆமாம், சொல்லியிருக்கிறார். சாதிகள் தனித்தனி இனங்கள் என்ற கோட்பாட்டை அவர் உடைத்தெறிந்தார். 2001இல் ஆந்திரே பெத்தேல் போன்ற சமூகவியலாளர்கள் சாதியை இனத்தோடு குழப்பக் கூடாது என்று எழுதியதும் தெரியும். ஆனால் டர்பனுக்குப் போன எவரும் சாதிகள் தனித்தனி இனங்கள் என்று அறிவிக்கச் சொல்லவில்லை. உடன்படிக்கையில் இனம் தனிச் சொல், வம்சாவளி தனிச் சொல். இரண்டாவது சொல்லின்கீழ் எங்களைப் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்ட கேள்வியைப் புதைத்தார்கள். அண்ணலின் பெயரை அதற்கு மண்வெட்டியாக்கினார்கள்.

அண்ணல் உண்மையில் என்ன செய்தார்? 1946இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டபிள்யூ.ஈ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதோரும் அதே வழியில் போக எண்ணுகிறார்கள் என்று சொல்லி, அந்த மனுவின் படிகளைக் கேட்டார். அந்த ஜூலை மாத இறுதியில் டுபாய்சின் பதிலும் வந்தது. தென்னாப்பிரிக்காவின் மீது இந்தியா ஐ.நா.வில் புகார் எழுப்பிய அதே ஆண்டு! நாட்டின் பெயரால் ஐ.நா. போன தூதர்களுக்கு முன்பே, சேரியின் பெயரால் ஐ.நா. போக வழி தேடியவர் அவர்.

இரண்டாவது வாதம்: ‘வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுபோகலாமா? வெள்ளைக்கார நாடுகள் இதை நம்மீது ஆயுதமாக்காதா?’ ஆக்கும்தான். மனித உரிமையை வசதிக்கேற்ப எடுத்தும் மறந்தும் பழகியவர்கள் அவர்கள். டர்பன் மாநாட்டிலிருந்து பாதியிலேயே வெளியேறியது அமெரிக்கா. பிரிட்டன் 2013இல் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றிவிட்டு, 2018இல் சேர்க்கப்போவதில்லை என்று பின்வாங்கியது. அவர்களை நம்பி யாரும் ஐ.நா. வாசலுக்குப் போகவில்லை. உள்ளூர்க் காவல் நிலையத்தின் வாசல் திறக்காததால் போனார்கள்.

சாதியை வீட்டுச் சண்டை என்று சொல்வதே பெரிய மோசடி. அது எப்போதோ கடல் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டிய நிலை வந்தது ஏன்? சாதியைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்களால் வந்தது. சாதி மறுத்தவர்களைக் கொல்கிறவர்களும் எல்லை பார்ப்பதில்லை. 2018 நவம்பரில் ஓசூர் வட்டாரத்தைச் சேர்ந்த, சாதி கடந்து மணந்த ஓர் இளம் இணையர் கொல்லப்பட்டுக் காவிரியில் வீசப்பட்டார்கள். உடல்கள் மீட்கப்பட்டது கர்நாடகத்தில்.

இரட்டைக் குவளை பற்றியோ, கோயில் நுழைவு பற்றியோ, சுடுகாட்டுப் பாதை பற்றியோ கேட்க ஓர் ஊருக்குள் போய்ப் பாருங்கள். முதலில் வரும் பதில், ‘இது எங்க ஊரு விசயம், வெளியாளுக்கு என்ன வேலை?’ என்பது. அடுத்த பதில், ‘இங்க அப்படி ஒண்ணும் இல்ல, எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் இருக்கோம்.’ ஜெனீவாவில் கோட்டு போட்ட தூதர் சொல்வதும் இவ்விரண்டு வாக்கியங்களைத்தான். ‘இது உள்நாட்டு விவகாரம். எங்களிடம் 17ஆம் பிரிவு இருக்கிறது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.’ சட்டம் இருப்பது பெருமை என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்கும்போது எதற்கு இந்தப் பதற்றம்?

நாற்காலியில் யார்?

1946இல் உருவான வெளியுறவுப் பணியின் தொடக்கக் காலத்தை நிரப்பியவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகளும் அரச குடும்பத்தினரும் மேட்டுக்குடிகளும். அந்தக் கூட்டத்துக்குள் 1949இல் நுழைந்தார் கே.ஆர். நாராயணன். உழவூரில் ஓலைக்குடிசையில் பிறந்த தலித். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் லாஸ்கியின் மாணவர். 1976இல் சீனாவோடு மறுபடி தூதர் நிலை உறவு ஏற்பட்டபோது பெய்ஜிங்குக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1980 முதல் 1984 வரை வாஷிங்டனில் தூதர். 1997இல் குடியரசுத் தலைவர்.

அவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்த 2001ஆம் ஆண்டில்தான், அவர் பணியாற்றிய அதே அமைச்சகம் டர்பனில் சாதியை ஒளித்தது. உச்சியில் ஒரு தலித் இருந்தும் கோப்பு அசையவில்லை. ஒருவரை மட்டும் உயரத்தில் ஏற்றி வைத்து, பார், பாகுபாடு இல்லை என்று காட்டுவது பழைய தந்திரம். அவரை உலகுக்குக் காட்சிப் பொருளாக்குவார்கள். கொள்கை எழுதும் மேசையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இட ஒதுக்கீட்டில் பணிக்குள் வரும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். உள்ளே போவது பாதி வேலை. கோப்பைத் திறந்து திருத்தி எழுதுவதுதான் மீதி.

இந்த மேசையை முதலில் கேள்வி கேட்டவரும் அண்ணல்தான். 1951இல் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் சொன்ன காரணங்களில் இந்து சட்ட மசோதாவை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அமைச்சரவையின் வெளியுறவுக் குழுவிலோ பாதுகாப்புக் குழுவிலோ தன்னை உறுப்பினராக்கவில்லை என்பதையும், நாட்டின் வெளியுறவுக் கொள்கை நண்பர்களை இழக்க வைத்துவிட்டது என்பதையும், ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது என்பதையும் அவர் அதே அறிக்கையில் அடுக்கினார். வெளியுறவுக் கொள்கையின் விலையை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரசியலமைப்பை எழுதலாம், ஆனால் வெளியுறவுக் குழுவில் உட்காரக் கூடாது. இதுதான் அன்று அவருக்கு ஒதுக்கப்பட்ட எல்லை.

கேட்க வேண்டியவை

புலம்பி முடிப்பதில் பயனில்லை. கேட்பதற்குத் தெளிவான கோரிக்கைகள் இருக்கின்றன.

ஒன்று: அரசியலமைப்பின் 338(9) பிரிவு, பட்டியல் சாதியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை முடிவு எதுவானாலும் ஒன்றிய, மாநில அரசுகள் பட்டியல் சாதிகள் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. சாதி பற்றி உலக அரங்கில் எடுக்கும் நிலைப்பாட்டைவிட முக்கியக் கொள்கை எது? 1996 முதல் ஒவ்வொரு முறையும் ஆணையத்தைக் கேட்டீர்களா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வர வேண்டும். கேட்டிருந்தால் அந்த ஏட்டை அவையில் வையுங்கள். கேட்கவில்லை என்றால் அரசியலமைப்பை மீறினோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டு: 2007 ஆய்வுக்குப் பிறகு 2010இல் கொடுத்திருக்க வேண்டிய அடுத்த அறிக்கை பத்தாண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்படவில்லை. தலித் அமைப்புகளோடு பேசி அறிக்கை தயாரித்து அனுப்ப வேண்டும். சாதி வம்சாவளிக்குள் வரும் என்ற 2002ஆம் ஆண்டுப் பொதுப் பரிந்துரையை ஏற்க வேண்டும். நம்மைவிடச் சிறிய நேபாளம், சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. வரைவு நெறிமுறைகளை 2009இலேயே வெளிப்படையாக ஆதரித்தது. அதனால் நேபாளத்தின் இறையாண்மை பறிபோய்விடவில்லை.

மூன்று: வெளியுறவு அமைச்சகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஐ.நா.வில் சாதி குறித்து இதுவரை அனுப்பப்பட்ட அறிவுறுத்தல்களை வரவழைத்து ஆராய வேண்டும். ஈழச் சிக்கலுக்காக ஜெனீவா வாக்கெடுப்பை உற்றுக் கவனித்துத் தெருவில் இறங்கிய தமிழ்நாடு இது. 2012இலும் 2013இலும் அந்த அழுத்தம் இந்தியாவின் வாக்கையே மாற்றியது. தூதர்களின் ‘நீண்டகால நிலைப்பாடு’ கல்லில் எழுதியதல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஈழத்துக்காக அந்தக் கதவைத் தட்டிய நம் கட்சிகள், சேரிக்காக ஒருமுறையாவது தட்டியிருக்கின்றனவா? சமூகநீதி மண் என்று மார்தட்டும் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேளுங்கள், கிருஷ்ணகிரித் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள்.

மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதத் தெரிந்த நமக்கு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதத் தெரியாதா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த அமைச்சகத்துக்கும் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணம்தான். ‘எங்கள் பெயரால் ஜெனீவாவில் என்ன சொன்னீர்கள், அதைச் சொல்லும் முன் எங்களில் யாரைக் கேட்டீர்கள்?’ இந்த இரண்டே கேள்விகளோடு ஒவ்வொரு சேரியிலிருந்தும் ஒரு மனு போகட்டும். கோப்புக்குள் நம் கையெழுத்தும் ஏறட்டும்.